லைட் மின்ட் சாக்லேட் சிப் ஐஸ்கிரீமில் என்ன சத்து இருக்கிறது? எடை குறைப்பவர்கள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஆனால் ‘லைட்’ என்ற சொல்லை நம்பிக் கிண்ணத்தை நிரப்பாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

என் டப்பாவின் லேபிளில் ஒரு பரிமாறல் அரை கப், அதாவது 65 கிராம் என்று போட்டிருந்தது. 115 கலோரி, கொழுப்பு 4 கிராம், சர்க்கரை 14 கிராம், புரதம் 3 கிராம். பரவாயில்லையே என்று தினமும் இரவு ஒரு கிண்ணம் சாப்பிட்டு வந்தேன். எடை இறங்கவே இல்லை. சந்தேகம் வந்து ஒரு நாள் அந்தக் கிண்ணத்தைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால், ஐஸ்கிரீம் மட்டும் 173 கிராம்! கணக்குப் போட்டேன்: 306 கலோரி, 37 கிராம் சர்க்கரை. சாதாரண மின்ட் சிப்பில் அரை கப்புக்குச் சுமார் 150 கலோரி, 8 கிராம் கொழுப்பு இருக்கும். அதையே இரண்டு பரிமாறல் சாப்பிட்டிருந்தாலும் 300தான் ஆகியிருக்கும்.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று பாருங்கள். 4 கிராம் கொழுப்பு குறைந்திருக்கிறது. கிராமுக்கு 9 கலோரி வீதம் 36 கலோரி. குறைந்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். சர்க்கரை அப்படியே இருக்கிறது. அமெரிக்க விதிப்படி, அதே வகை சாதாரண ஐஸ்கிரீமைவிடக் கொழுப்பு பாதியாவது குறைந்தால் ‘லைட்’ என்று போட்டுக்கொள்ளலாம். கொழுப்பிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் பாதிக்கும் கீழே இருக்கும் பண்டமென்றால், மொத்தக் கலோரி மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் போதும். சர்க்கரை குறைய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

சர்க்கரையை ஏன் குறைப்பதில்லை என்றால், அங்கே அது இனிப்புக்காக மட்டும் இல்லை. தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குவதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் ஐஸ்கிரீம் கல்லாக உறைந்து, கரண்டி இறங்காது. போதாததற்கு, குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு திகட்டும் என்று தெரிந்திருக்கும்.

அந்த 14 கிராமில் நாலு கிராம் அளவுக்கு லாக்டோஸ், அதாவது பாலிலேயே இயற்கையாக இருக்கும் சர்க்கரை. மீதிதான் சேர்த்த சர்க்கரை. என் பழைய கிண்ணத்துக்கு அது 26, 27 கிராம் வரும். நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 50 கிராம், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. ஒரே கிண்ணத்தில் நான் அந்த 25ஐத் தாண்டியிருந்தேன்.

அடுத்தது சிப். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கோகோ வெண்ணெய் உருக 34 டிகிரி அளவு சூடு வேண்டும். ஐஸ்கிரீம் பட்டுச் சில்லிட்ட வாயில் அது மெழுகு மாதிரி கிடக்கும். அதனால் பல தயாரிப்பாளர்கள் 25 டிகிரியிலேயே உருகும் தேங்காய் எண்ணெயைச் சிப்பில் கலக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பாலில் குறைத்தது சிப் வழியாகக் கொஞ்சம் திரும்பி வந்துவிடுகிறது. லைட் வெனிலாவோடு ஒப்பிட்டால் மின்ட் சிப்பில் கொழுப்பு சற்றுக் கூடவே இருப்பது இதனால்தான்.

புதினாவால் கலோரி ஏறாது, சேர்ப்பது சில துளிச் சாரம்தான். அதிலுள்ள மென்தால், குளிரை உணரும் நரம்புகளையே தூண்டி, இருப்பதைவிட அதிகக் குளிர்ச்சியாகக் காட்டும். என் அபிப்பிராயத்தில், லைட் வகைகளில் வெனிலா தண்ணியாகத் தெரிகிறது, மின்ட்டில் அந்தக் குறை தெரிவதில்லை. பச்சை நிறத்தைப் பார்த்து இலை ஏதோ இருப்பதாக நினைக்க வேண்டாம், பெரும்பாலும் அது சேர்த்த நிறமிதான்.

சுண்ணாம்புச் சத்து பரிமாறலுக்கு 80, 100 மில்லிகிராம் கிடைக்கலாம். பெரியவர்களுக்கு நாளைக்கு 1000 தேவை. புரதமும் பேருக்குத்தான். சத்துக்காக இதைச் சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு டப்பாக்களை ஒப்பிடும்போது கப் கணக்கைப் பார்க்காமல் கிராம் கணக்கைப் பாருங்கள். ஐஸ்கிரீமில் காற்றும் அடித்துச் சேர்ப்பார்கள். சிலவற்றில் பாதிக் கன அளவு வெறும் காற்று. அரை கப் ஒன்றில் 65 கிராமாகவும், கெட்டியான இன்னொன்றில் 100 கிராமுக்கு மேலும் இருக்கும். புதிய அமெரிக்க லேபிள்களில் பரிமாறலே அரை கப்பிலிருந்து மூன்றில் இரண்டு கப் ஆகிவிட்டது. பழைய எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

‘சர்க்கரை சேர்க்காதது’ வகையையும் வாங்கிப் பார்த்தேன். அதில் இனிப்புக்கு, சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு. கலோரி குறைவுதான். ஆனால் முதல் நாளே ஆசையில் ஒரு முழுக் கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, அன்று இரவு வயிறு போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாளே பழைய டப்பாவுக்குத் திரும்பிவிட்டேன், இந்த முறை தராசோடு.