கருவிழியில் ஓட்டை: ஒட்டு வைப்பது எதற்காக?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. தஞ்சாவூர் மாவட்டத்தில் விவசாயம் செய்கிறோம். அறுவடையின்போது வலது கண்ணில் நெல் தூசி அடித்துவிட்டது. முதலில் நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டோம். பிறகு மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தை ஒரு வாரம் விட்டோம். கண்ணில் வெள்ளையாகப் புண் வந்த பின்னரே கண் மருத்துவமனைக்குச் சென்றோம். பூஞ்சைத் தொற்று என்று கூறி, மணிக்கொரு முறை நேட்டமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்புச் சொட்டு மருந்தை விடச் சொன்னார்கள். மூன்றாம் வாரம் ஒருநாள் விடியற்காலையில் கண்ணிலிருந்து சூடாக நீர் வழிந்தது. அதன்பின் வலி குறைந்ததால் குணமாகிறது என்றே நினைத்தோம். ஆனால் கருவிழியில் ஓட்டை விழுந்துவிட்டது என்கிறார்கள். இருமுறை பசை வைத்தும் நிற்கவில்லை. இறந்தவரின் கருவிழியை ஒட்டாக வைக்க வேண்டுமாம். ஆனால் பார்வை திரும்பும் என்று உறுதி கூறவில்லை. பார்வையே வராது என்றால் அறுவை சிகிச்சை எதற்கு? அம்மாவும் அஞ்சுகிறார்.

பதில்: உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே, ஒரு நாளும் தாமதிக்காமல் அறுவை சிகிச்சைக்குச் சம்மதியுங்கள் என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அவ்வளவு அவசரம் ஏன் என்பதையும், அடுத்து வரும் மாதங்களில் நீங்கள் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கருவிழி என்பது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் அமைந்த தெளிவான திசு. அதன் நடுப்பகுதியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். நெற்பயிர், கரும்புத் தோகை, முள் போன்றவை கீறும்போது ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகள் அதற்குள் புகுந்து, திசுவை உள்ளிருந்தே கரைக்கின்றன. மருந்துக்கடைகளில் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கப்படும் பல சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பைக் குறைத்துக் கண் தேறிவிட்டதுபோல் காட்டும். அதே நேரத்தில் உடலின் எதிர்ப்பை அடக்கிப் பூஞ்சை பரவ வழிவிடும். உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த மருந்து எது என்று எனக்குத் தெரியாது. அந்தப் புட்டி வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். குற்ற உணர்ச்சியால் மறைக்க வேண்டாம்.

விடியற்காலையில் சூடாக வழிந்த நீர், கருவிழிக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்க வேண்டிய நீர். புண் முற்றிய கண்ணில் அழுத்தம் திடீரென இறங்குவதால் வலி குறைகிறது. இதைக் குணமாகும் அறிகுறி என்று நம்பி ஏமாறுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், மனம் கனக்கிறது. ஓட்டை திறந்தபடி இருந்தால் கிருமிகள் கண்ணின் உட்பகுதிக்குச் சென்று விழித்திரை வரை அழித்துவிடும். நீர் வடிந்த அறை சுருங்கிப் போவதால், கருமணித் திரை (கண்ணுக்குள் வரும் ஒளியைக் கட்டுப்படுத்தும் நிறத் திரை, ஐரிஸ்) முன்னே வந்து கருவிழியோடு ஒட்டிக்கொண்டு, நீர் வெளியேறும் பாதையை அடைத்து, பிற்காலத்தில் கண்நீர் அழுத்த நோயை (கிளாக்கோமா) உண்டாக்கும். இப்போது செய்யப்படும் அறுவை சிகிச்சை இந்த இரண்டையும் தடுப்பதற்கானது. பார்வையை மீட்பது இதற்கு அடுத்த கட்டம். அந்தக் கட்டத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் கண் என்ற ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும். உறுதி கூற மறுத்த மருத்துவர் உங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறார்.

பசை நிற்காததால் சிகிச்சை தோற்றது என்று எண்ண வேண்டாம். கடுகளவு ஓட்டைகளை, அதாவது இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றை, திசுப் பசையால் அடைத்து மேலே கான்டாக்ட் லென்ஸ் வைப்பதே வழக்கமான முதல் முயற்சி. மகப்பேற்றின்போது பெறப்படும் பனிக்குடச் சவ்வைப் பதப்படுத்தி, மெல்லிய புண்களின் மேல் அடுக்கடுக்காக வைப்பதும் உண்டு. ஓட்டை இன்னும் சற்றுப் பெரிதாக இருந்தால், நோயாளியின் கண்ணிலேயே வெள்ளை விழிக்கு மேல் இருக்கும் டெனான் என்ற உறையிலிருந்து சிறு துண்டெடுத்து அடைக்கலாம். தானமாகக் கருவிழி கிடைக்காத இரவுகளில் இது கண்ணைக் காத்த அனுபவம் எனக்கு உண்டு. இவை எவையும் தாங்காத அளவு ஓட்டை பெரிதாகிவிட்டாலோ, ஓட்டையைச் சுற்றித் தொற்று இன்னும் உயிரோடு இருந்தாலோ, கருவிழி ஒட்டே வழி. உங்கள் அம்மாவின் நிலை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அம்மாவின் அச்சத்தைப் பற்றி. முழுக் கண்ணையும் மாற்றும் அறுவை சிகிச்சை உலகில் எங்கும் வழக்கத்தில் இல்லை. மாற்றப்படுவது கருவிழி மட்டும். 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், இன்றைய செக் நாட்டில் உள்ள ஓலோமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்திருந்த ஒரு தொழிலாளிக்கு எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதன்முதலில் இதை வெற்றிகரமாகச் செய்தார். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945-லேயே டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா கண் வங்கியைத் தொடங்கிவிட்டார். தானம் தருபவரின் இரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேக நோய் ஆகியவை உள்ளனவா என்று சோதித்த பின்னரே ஒட்டு வழங்கப்படுகிறது. பெரும்பாலும் இரத்த வகைப் பொருத்தம் பார்க்கத் தேவையில்லை. ஒரு குடும்பம் துயரத்தின் நடுவே, இறந்த சில மணி நேரத்துக்குள் மனமுவந்து தந்த திசு அது என்பதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அவசர ஒட்டுகளுக்கு, கிளிசரினில் பதப்படுத்திய கருவிழியையோ, கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் உட்புறச் செல்களின் எண்ணிக்கை குறைந்த கருவிழியையோ பயன்படுத்துவது உண்டு. அத்தகைய ஒட்டு தெளிவாக இல்லாமல், கண்ணில் பூ விழுந்ததுபோல் வெளுத்துத் தெரியலாம். அதைக் குறையாக நினைக்காதீர்கள். ஓட்டையை அடைக்க வலிமையான திசு போதும். தெளிவான, செல்கள் நிறைந்த கருவிழிகளைப் பார்வைக்கான அறுவை சிகிச்சைக்கு ஒதுக்குவதே முறை.

திறந்த கண்ணைச் சுற்றி ஊசி போட்டால் உள்ளிருப்பவை பிதுங்கி வரக்கூடும் என்பதால், முழு மயக்க மருந்து கொடுக்கவே பலர் விரும்புவோம். தொற்றுள்ள பகுதியை, சுற்றிலும் சிறிது நல்ல திசுவோடு சேர்த்து, வட்டக் கத்தியால் நீக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சற்றே பெரிதாக வெட்டிய ஒட்டை அந்த இடத்தில் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைப்பார்கள்.

அதன்பிறகும் நேட்டமைசினை நிறுத்தச் சொல்லமாட்டார்கள். மதுரை உள்ளிட்ட தென்னிந்திய மையங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், விலை கூடிய வோரிகொனசோல் சொட்டு மருந்தைவிட நேட்டமைசின் விட்டவர்களுக்கே ஓட்டை விழுவதும் ஒட்டு தேவைப்படுவதும் குறைவாக இருந்தன. ஃபியூசேரியம் தொற்றில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது. மற்ற ஒட்டுகளுக்கு முதல் நாளிலிருந்தே கொடுக்கும் ஸ்டீராய்டைப் பூஞ்சைத் தொற்றில் தள்ளிப்போடுவோம். எப்போது தொடங்குவது என்பதை உங்கள் மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. உறங்கும்போது கண் கவசம் அணிய வேண்டும். அடுப்புப் புகையும் களத்துத் தூசியும் படக் கூடாது. தலைக்குக் குளிப்பதை மருத்துவர் சொல்லும் வரை தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று இதுவரை பார்க்கவில்லை என்றால் உடனே பாருங்கள். சிவப்பு, வலி, கூச்சம், மங்கல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே செல்லுங்கள். அது ஒட்டு நிராகரிப்பாக, அதாவது ஒட்டைத் தன்னுடையதல்ல என்று உடல் எதிர்ப்பதாக இருக்கலாம். ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது வருவது உண்டு.

பார்வையைப் பற்றிக் கடைசியாக. தொற்று முழுமையாக அடங்கி, கண் பல மாதங்கள் அமைதியாக இருந்தால், தெளிவான கருவிழியை வைக்கும் இரண்டாவது அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். கண்புரை இருந்தால் அதையும் அப்போதே நீக்கலாம். கருவிழிக்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தால் அந்த ஒட்டு நிலைக்கும் வாய்ப்புக் குறையும். ஆனால் வாய்ப்பு உண்டா என்பதை ஓரளவு இப்போதே அறியலாம். வலது கண்ணில் விளக்கொளி படுவதும், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் அம்மாவுக்குச் சரியாகத் தெரிகின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தெரிந்தால் விழித்திரையும் பார்வை நரம்பும் வேலை செய்கின்றன என்று நம்ப இடமுண்டு. தையல் ஆறியதும் கண்ணுக்கு ஸ்கேன் எடுத்து, உட்பகுதியில் தொற்றோ விழித்திரை விலகலோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.