வீட்டு அனுமதி: கையெழுத்திடும் முன் (வாசகர் கேள்வி – பதில்)

கட்டட அனுமதி குறித்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளாட்சி அமைப்புகளில் பதிவு பெற்று, வீடுகளுக்கு வரைபடம் தயாரித்துவரும் கட்டடப் பொறியாளர் ஒருவர் பதில் அளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: திருச்சிக்கு வெளியே ஓர் ஊராட்சியில் 2014-ஆம் ஆண்டு 2,400 சதுர அடி மனை வாங்கினோம். கிழக்கு மேற்கில் 40 அடி, தெற்கு வடக்கில் 60 அடி, தெற்கில் 23 அடிச் சாலை. பத்திரம் என் பெயரில் இருக்கிறது. கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். மேஸ்திரி, "பஞ்சாயத்துக்குள் பிளான் அப்ரூவல் எதற்கு, வீட்டு வரி போட்டுக்கொண்டால் போதும்" என்கிறார். கணினி மையம் வைத்திருப்பவரோ, "பத்திர நகலைக் கொடுங்கள், சுயசான்று முறையில் அரை மணி நேரத்தில் அனுமதி வாங்கித் தருகிறேன்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? — வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: மேஸ்திரி சொல்வது தவறு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் கீழ் ஊராட்சிப் பகுதியிலும் கட்டட அனுமதி பெற்றே ஆக வேண்டும். வீட்டு வரி ரசீது வரி செலுத்தியதற்குத்தான் சான்று. கட்டடம் அனுமதியுடன் கட்டப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. வங்கிக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், அனுமதி ஆணையும் முத்திரையிட்ட வரைபடமும் இல்லாமல் முதல் தவணைகூட வராது.

கணினி மையக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு அறிமுகப்படுத்திய சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத பரப்பில், 7 மீட்டர் உயரத்துக்குள், தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கொண்ட வீட்டுக்கு, முன் ஆய்வு இல்லாமல் ஒற்றைச்சாளர இணையதளம் வழியாக உடனடியாக அனுமதி தரப்பட்டது; இந்த வரம்புகள் பின்னர் மாறியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அளவைப் பொறுத்தவரை உங்கள் மனை இதற்குள் அடங்குகிறது. ஆனால் அதிகாரி செய்திருக்க வேண்டிய சரிபார்ப்பு இந்த முறையில் உரிமையாளரின் உறுதிமொழிக்கு மாறியிருக்கிறது. "இம்மனை அங்கீகரிக்கப்பட்டது, அளவுகள் உண்மையானவை, விதிகளின்படியே கட்டுவேன்" என்ற பொருள்பட உறுதியளித்துக் கையெழுத்திடப் போவது நீங்கள்தான். அந்த விவரங்கள் பொய் என்று பின்னால் தெரியவந்தால் அனுமதி ரத்தாகும். கணினி மையக்காரர் மேல் எந்தப் பழியும் வராது. எனவே அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு மூன்று வாரங்களாவது ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் மனையின் அங்கீகாரத்தைப் பாருங்கள். பத்திரம் பதிவாகிவிட்டதால் மனை அங்கீகரிக்கப்பட்டது என்று நினைப்பவர்களை இன்றும் வாரம் ஒருவராவது சந்திக்கிறேன். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதிக்கும்வரை, அங்கீகாரமற்ற மனைகள் மாநிலம் முழுவதும் தாராளமாகப் பதிவாயின. உங்கள் மனை வாங்கப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்ற மனைப்பிரிவுகளில், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தைத் தவிர நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் எதுவும் இருக்காது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் அந்த இயக்ககத்தின் எண்ணும் ஆண்டும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். 20.10.2016 வரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த, அதாவது கட்டணம் பெற்று அங்கீகரிக்க, 2017-ஆம் ஆண்டு விதிகள் வகை செய்தன. அதற்கான கால அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டு வந்திருப்பதால், தற்போது விண்ணப்பம் ஏற்கப்படுகிறதா என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டு, வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிய பிறகே கட்டட அனுமதிக்குச் செல்லுங்கள்.

அடுத்தது பட்டா. 2014-இல் வாங்கியும் பட்டா இன்னும் பழைய உரிமையாளரின் பெயரிலோ, பிரிக்கப்படாத மொத்தப் புல எண்ணிலோ (சர்வே எண்) இருந்தால், உட்பிரிவு செய்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சமயத்திலேயே, உரிய கட்டணம் செலுத்தி நில அளவருக்கு விண்ணப்பித்து, மனையை அளந்து எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். வருவாய்த் துறையில் இதனை "அத்து காட்டுதல்" என்பார்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு, பத்திரத்தில் இருந்த 40 அடி அகலத்தை நம்பி நானே வரைபடம் தயாரித்தேன். அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய காலையில் டேப்பைப் பிடித்தால் 38 அடி 7 அங்குலம்தான் வந்தது. பக்கத்து மனைக்காரர் எப்போதோ கட்டிய சுற்றுச்சுவர், எல்லைக் கல்லை உள்ளே விழுங்கியிருந்தது. பூசைக்கு வந்த உறவினர்கள் நிற்க, அந்த மனைக்கு உரிய அம்மா அடுத்த வீட்டு வாசலில் போய்ப் பேசிக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வரைபடத்தைத் திருத்தி மறுபடி அனுமதி வாங்க நேர்ந்தது. இடத்தை அளக்காமல் கோடு போட்டது என் தவறு. அன்றிலிருந்து நேரில் அளக்காத எந்த மனைக்கும் நான் கையெழுத்திடுவதில்லை. உங்கள் பொறியாளரும் நேரில் வந்து அளந்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி விட வேண்டிய காலியிடத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 9 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள சாலையை ஒட்டிய மனையில் முன்புறம் 1.5 மீட்டர் விட வேண்டும். மனையின் அகலம் 9 மீட்டருக்கு மேல் இருந்தால், 7 மீட்டர் உயரம் வரையிலான வீட்டுக்கும் இரு பக்கமும் இடம் விட வேண்டும்; எவ்வளவு என்பதை உங்கள் பொறியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் 40 அடி என்பது 12 மீட்டரைத் தாண்டுகிறது. அந்த இடத்தை இரு பக்கமும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வீட்டின் வெளி அகலம். நம் ஊர் மேஸ்திரிகள் வழக்கமாக விடும் "மூன்றடிச் சந்து" போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். அறைகளின் அளவைப் பேசுவதற்கு முன்பே இந்த வெளி அகலத்தை மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

உயரத்திலும் இதே கவனம் வேண்டும். 7 மீட்டர் என்பது ஏறக்குறைய 23 அடி. சாலை உயரும் என்ற அச்சத்தில் பேஸ்மட்டத்தை 3 அடி தூக்கி, கான்கிரீட் தளத்தையும் சேர்த்து ஒவ்வொரு மாடிக்கும் 10½ அடி வைத்தால் 24 அடி ஆகிவிடும். எனவே உயரத்தைக் காட்டும் வெட்டுத் தோற்றத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மழைநீர் சேகரிப்பு அமைப்பும் வரைபடத்தில் இருக்க வேண்டும். புதிய கட்டடங்களுக்கு மட்டுமின்றி எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-இலேயே அதைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது.

கணினி மையத்தில் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் அலைபேசி எண்ணையே பதிவு செய்யுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் உங்களுக்கே வரட்டும். கட்டணத்தை இணையத்திலேயே செலுத்தி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். உறுதிமொழியை முழுவதும் படிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாதீர்கள். மையக்காரரின் எண்ணில் பதிவான விண்ணப்பங்களின் உரிமையாளர்கள், தங்கள் ஆணையின் நகலுக்கே அவரைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டின் தெருப்பக்க அறையை (12 அடிக்கு 16 அடி) எழுதுபொருள் கடையாக மாற்ற விரும்புகிறேன். சுவர் எதையும் இடிக்கப்போவதில்லை, ஷட்டர் மட்டும் வைக்கப்போகிறேன். இதற்கும் அனுமதி வேண்டுமா? — வாசகர், மதுரை

பதில்: வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 "வளர்ச்சி" என்று வரையறுப்பதில் கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் அடங்கும். உங்கள் பழைய அனுமதி குடியிருப்புக்காகத் தரப்பட்டது. ஒரு செங்கல்லைக்கூட அசைக்காவிட்டாலும், அறை கடையாகும்போது பயன்பாடு மாறுகிறது. நகரின் எந்தப் பகுதி எதற்குப் பயன்படலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் உங்கள் புல எண் எந்த மண்டலத்தில் வருகிறது, அங்கே கடைக்கு எவ்வளவு பரப்பு வரை அனுமதி உண்டு என்பதை மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் முதலில் கேளுங்கள். ஷட்டருக்கு முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். கடை நடத்துவதற்கான தொழில் உரிமம் வேறு. அதைப் பெற்றுவிட்டதால் பயன்பாட்டு மாற்றத்துக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருதக் கூடாது.

மின்சாரத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். வீட்டு இணைப்பிலேயே கடை விளக்கை எரித்தால், மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தின் இரு மடங்காக மதிப்பிட்டு வசூலிக்க முடியும். கடைக்குத் தனி மீட்டர் வாங்கி, வணிகக் கட்டண விகிதத்தில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் சலுகையும் பாதிக்கப்படாது. சொத்து வரியும் அந்த அறையின் அளவுக்கு மட்டும் குடியிருப்பல்லாத விகிதத்துக்கு மாறும்.

கேள்வி: தாத்தா காலத்து நத்தம் இடத்தில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட வேண்டும். பட்டா அப்பா, பெரியப்பா இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. இருவரும் காலமாகிவிட்டார்கள். பெரியப்பா மகன்களான அண்ணன்கள் இருவரும் "நீயே கட்டிக்கொள் தம்பி" என்று வாயால் சொல்லிவிட்டார்கள். இது போதாதா? — வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அண்ணன்களின் பெருந்தன்மையை மதிக்கிறேன், ஆனால் அனுமதிக்கு அது போதாது. நத்தம் இடமாக, அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்றே வகைப்படுத்தப்பட்ட நிலமாக இருப்பதால் மனைப்பிரிவு அங்கீகாரம் என்ற கேள்வி பொதுவாக எழாது என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி. ஆனால் கூட்டுப் பட்டாவில் இருக்கும் இடத்துக்கு ஒருவர் மட்டும் உரிமையாளராகக் கையெழுத்திட முடியாது. இருவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை எடுத்து, உங்கள் தாயாரும் உடன்பிறந்த சகோதரிகளும் உட்பட எல்லா வாரிசுகளையும் சேர்த்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிவு செய்துகொள்ளுங்கள். பெண் வாரிசுகளை விட்டுவிட்டு எழுதிய பத்திரங்கள் பிற்பாடு நீதிமன்றம் ஏறுவது வழக்கமாகவே இருக்கிறது.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். குடும்பத்தினருக்குள் எழுதப்படும் இத்தகைய பத்திரங்களுக்கு மதிப்பில் ஒரு சதவீதம் முத்திரைத் தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம் என்றாலும், 2023 ஜூலை முதல் தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று ஒரு பங்குக்கு உச்சவரம்பு உண்டு. உங்கள் அண்ணன்கள் நல்ல மனதோடு இருக்கும் இப்போதே இதை முடியுங்கள். அடுத்த தலைமுறையிடம் கேட்கும்போது கையெழுத்து இவ்வளவு எளிதாக வராது. பிறகு தனிப் பட்டா, அதன் பின் வரைபடம் என்ற வரிசையில் செல்லுங்கள். பழைய வீட்டை இடிப்பதற்கு முன், வீட்டு வரி ரசீதையும் மின் இணைப்பு அட்டையையும் பத்திரப்படுத்தி, நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். நத்தம் இடத்தை நீண்ட காலமாக அனுபவித்து வருவதைக் காட்ட அவை உதவும்.

கேள்வி: 1,200 சதுர அடி மனையில் இரண்டு தளங்களுக்கு (தரைத்தளம், முதல் தளம்) அனுமதி பெற்று 2021-இல் கட்டினேன். மறு ஆண்டு இரண்டாம் தளமும் எழுப்பிவிட்டேன். ஒவ்வொரு தளமும் 850 சதுர அடி. இப்போது விற்க முயன்றால், வாங்குபவரின் வங்கி மறுக்கிறது. பணம் கட்டி வரன்முறை செய்ய முடியுமா? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவின் வரன்முறை, 1.7.2007-க்கு முன் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்கு மட்டுமே உரியது. 2022-இல் எழுப்பிய தளத்துக்கு அது பொருந்தாது. பொருந்தும் என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

உங்களுக்குள்ள வழி, கூடுதல் தளத்துக்கு விதிகளின்படி விண்ணப்பித்துப் பார்ப்பதுதான். அது ஏற்கப்படுமா என்பதைக் கணக்குதான் சொல்லும். சாதாரண உயரக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. உங்கள் மனையில் அது 2,400 சதுர அடி. மூன்று தளங்களும் சேர்ந்து 2,550 ஆகிறது. கணக்கில் சேர்க்க வேண்டாத பகுதிகள் என்று விதிகள் விலக்கியவற்றைக் கழித்த பிறகும் 2,400-ஐத் தாண்டினால், மிகுதியை அகற்றாமல் அனுமதி கேட்பது கடினம். உயரம் கூடும்போது பக்கங்களில் விட வேண்டிய இடமும் கூடலாம். வரைபடத்தில் காட்டிய காலியிடத்தில் பால்கனியோ குளியலறையோ நீண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரைக் கொண்டு, கட்டடம் இப்போது உள்ளபடியே அளந்த வரைபடம் ஒன்றை முதலில் தயாரியுங்கள். பழைய அனுமதி வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்து, வேறுபடும் இடங்களைச் சிவப்பில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு தளத்துக்குக் கணக்கிட்ட அஸ்திவாரமும் தூண்களும் மூன்றாவதைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் பெறுங்கள். அந்தத் தளத்தில் யாரேனும் குடியிருந்தால், விற்பனையைவிட இதுவே அவசரம். இந்த இரண்டு தாள்களும் கைக்கு வந்த பிறகு மாநகராட்சி நகரமைப்புப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதுவரை வாங்குபவரிடம் முன்பணம் பெற்று ஒப்பந்தம் போட வேண்டாம். ஏற்கெனவே பெற்றிருந்தால், இரண்டாம் தளத்துக்கு அனுமதி இல்லை என்பதை அவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.