அப்பா ஓட்டின டேங்க் இருக்க டைகர் எதுக்கு?

வணக்கம்ணா. கம்மவான்பேட்டைல இருந்து எழுதறேன். ஜெர்மன்காரன் டைகர் டேங்க்கோட பேப்பர் மாடல் டவுன்லோட் பண்ணி 1:25 அளவுல, அதாவது நிஜத்துல 25ல ஒரு பங்கா, செஞ்சிகினு இருக்கேன். பெவிகால் தடவினா பேப்பர் அலை அலையா நெளியுது. வெட்டின ஓரமெல்லாம் வெள்ளையா தெரியுது. ட்ராக்கை, அதான் சக்கரத்தைச் சுத்தி ஓடற இரும்புப் பட்டையை, ஒவ்வொரு கண்ணியா செய்யணுமா, இல்ல பிரிண்ட் எடுத்த பட்டையை அப்படியே சுத்திடலாமா? எங்கப்பா மிலிட்டரில விஜயந்தா டேங்க் ஓட்டினவரு, அவரே "இன்னாடா சின்ன பையனாட்டம்"னு திட்றாரு. போர்க்கருவியை ஆசையா செய்யறது தப்பில்லயான்னு ஒரு ஃப்ரெண்டு வேற கேக்கறான். நீங்க இன்னா சொல்றீங்க?
– ச.

தம்பி ச.,

காட்பாடில ரயில் ஏறி அரக்கோணம் தாண்டி ஆவடி வர்றப்பல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம் வரும், இங்க செஞ்ச டேங்க்கை நம்ம ஜில்லா பசங்க ஒருத்தனாவது அட்டைல செஞ்சு பாத்திருப்பானான்னு. அது மனசுல ஓடிகினு இருக்கறப்பதான் உன் லெட்டர் வந்துச்சு.

முதல்ல நீ கேட்டது. பெவிகால்ல தண்ணி இருக்கு, பேப்பர் அதைக் குடிச்சு உப்புது, அதனால பல்குத்தற குச்சில தொட்டு மடிப்பு ஓரத்துல மட்டும் மெலிசா வை. பெரிய பரப்பை அட்டை மேல ஒட்டணும்னா ஷூ ஒட்டற ரப்பர் சொல்யூஷன் வாங்கு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அதுல நெளியாது. ஓரத்துக்கு ஒட்றதுக்கு முன்னாடியே வாட்டர்கலர் பூசிடு. ட்ராக்கை கண்ணி கண்ணியா செய், டைகருக்கு ஒரு பக்கத்துக்கு 96 வரும், உக்காந்து வெட்டு. உன் ஃப்ரெண்டு கேட்டதை விடு, அட்டை டேங்க்கால யாருக்கும் கெடுதல் இல்ல.

இப்ப எனக்குக் கோவம் வந்த இடத்துக்கு வரேன். விஜயந்தா ஓட்டின மனுஷன் பக்கத்து ரூம்ல இருக்காரு, நீ அவரை லெட்டர்ல ஒரே வரில "திட்றாரு"னு முடிச்சிட்டு பசைக்கு வழி கேட்டு எனக்கு எழுதற! அவர்கிட்ட அந்த டேங்க்கைப் பத்தி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கியா நீ? ராணுவப்பேட்டைனே பேர் வாங்கின ஊர்ப்பா உன்னுது, அங்க பொறந்துட்டு, உங்கப்பன் வேர்வை சிந்தின வண்டியை விட்டுட்டு ஹிட்லர் பட்டாளத்து வண்டிக்கு சக்கரம் வெட்டிகினு இருக்க. அவர் திட்றது விளையாடறன்னு இல்ல, தன்னை ஒரு வார்த்தை கேக்கலயேன்னுதான், எனக்கு அப்படித்தான் படுது.

ஒண்ணு சொல்றேன் கேளு, விஜயந்தா மாதிரி பேப்பருக்குன்னே அமைஞ்ச டேங்க் கம்மி. நான் சின்ன வயசுல குடியாத்தத்துல எங்க பெரியம்மா வீட்ல வளர்ந்தவன், தெரு பூரா தீப்பெட்டி ஒட்டுவாங்க, மைதா பசைல மயில்துத்தம் போட்டுக் காய்ச்சற வாசனை இப்பவும் எனக்குத் தெரியும். பெரியம்மா பசைக் கிண்ணத்தை என் பக்கமே விட மாட்டாங்க, மொதல்ல நகத்தால கீறி மடிச்சுக் காட்டு, பெட்டி பசை இல்லாமயே நிக்கணும், அப்பறம் ஒட்டுன்னுவாங்க. காகிதம் ஒரு பக்கமாத்தான் வளையும், ரெண்டு பக்கமும் வளைக்கப் பாத்தா கசங்கிடும்னு அங்கதான் என் விரலுக்குத் தெரிஞ்சுது. அதாலதான் அமெரிக்காக்காரன் பேட்டன் டேங்க்கை பேப்பர்ல செய்யறது அவ்ளோ கஷ்டம், அதோட டரட், பீரங்கி வச்ச மேல் கூண்டு, இரும்பை உருக்கி வார்த்தது, ஆமை ஓடாட்டம் எல்லாப் பக்கமும் வளைஞ்சிருக்கும், இதழ் இதழா வெட்டி ஒட்டினாலும் மூலை தெரியும். விஜயந்தா அப்படி இல்ல, இங்கிலாந்து விக்கர்ஸ் கம்பெனி டிசைன், ஆவடில 1965ல இருந்து செஞ்சாங்க, தகடு தகடா வெல்டிங் பண்ணினது, ஒவ்வொரு தகடும் உனக்கு ஒரு அட்டைத் துண்டு. பாடி மட்டும் சுமார் 8 மீட்டர், உன் அளவுல 32 சென்டிமீட்டர்.

105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ள 4 பேரு, டிரைவர் முன்னாடி வலது பக்கம், பீரங்கிக்குள்ள குண்டை ஏத்தறவர் அதுக்கு இடது பக்கம். பெரிய குண்டு விடறதுக்கு முன்னாடி தூரம் பாக்க 12.7 மில்லிமீட்டர் மெஷின்கன்ல சுட்டுப் பாப்பாங்க. எஞ்சின் லேலண்ட் எல்60, 6 சிலிண்டர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பிஸ்டன் எதிரெதிரா ஓடும். இதெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டது, யார் வேணா படிக்கலாம். மூடிய சாத்திட்டு பெரிஸ்கோப்ல பாத்து ஓட்டறப்ப எவ்ளோ தூரம் தெரிஞ்சுது, பீரங்கி எந்தப் பக்கம் திரும்பி இருந்தா மூடியத் திறந்து வெளிய வர முடியாது, படுக்கை மூட்டையை எங்க கட்டினாங்க, தண்ணி கேன் எந்தக் கொக்கில தொங்குச்சு, ட்ராக் லூஸ் ஆனா எப்படி இறுக்கினாங்க, எஞ்சின் சூடாச்சுன்னா இன்னா பண்ணாங்க, எந்த மட்கார்டு எப்பவும் நசுங்கியே கெடந்துச்சு, இதை எந்த டவுன்லோட்ல தேடுவ? மாடலுக்கு உசுர் குடுக்கறதே இந்த சாமானுங்கதான். அவர் ரெஜிமெண்ட்ல எப்படிப் பெயின்ட் அடிச்சாங்க, நம்பர் எங்க எழுதினாங்கன்னும் கேளு. ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்டுத் தொந்தரவு பண்ணாத, அவருக்கும் வயசாச்சு, டீ குடிக்கறப்ப ஒண்ணு ஒண்ணா கேளு.

பிரிண்ட் எடுக்காத, நீயே வரை. கொஞ்சம் கெட்டியான 200 ஜிஎஸ்எம் சார்ட் பேப்பர்ல ஸ்கேல் வச்சு வரைஞ்சு, மை தீர்ந்த ரீஃபில்லால கீறி மடி. சக்கரத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நாலஞ்சு ஒட்டிக்கோ, ஒரு பக்கத்துக்கு 6 சக்கரம். பீரங்கிக் குழாய்க்கு சைக்கிள் ஸ்போக்ல பேப்பரைச் சுத்தி உருவு. டிரைவர் மூடி இருக்கற இடத்தை மட்டும் நீ வரையாத, பென்சிலை அப்பா கைல குடு. டைகரை அப்படியே மூட்டை கட்டிப் பரண்ல போடு, ஓடிப் போகாது. வரைஞ்சு முடிச்சதும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்பு தம்பி, நானும் இங்க ஒண்ணு செய்யப் போறேன்.