ஐம்பது வரை சொல்கிறாள்... ஆறு கரண்டி எடுத்து வரத் தெரியவில்லை!

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. 1 முதல் 50 வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். ஆனால், 'ஆறு கரண்டி எடுத்து வா' என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறாள். கணக்கில் மந்தமாகிவிடுவாளோ? ஒர்க் ஷீட் வாங்கிப் பழக்கலாமா?

பதில்: மந்தமெல்லாம் இல்லை, கவலையை விடுங்கள். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலத்தில் இப்படி நிறையப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வரை ஒப்பிப்பது பாட்டு மாதிரி, கேட்கக் கேட்க வாயில் வந்துவிடும். எண்ணுவதற்கு விரலும் வாயும் சேர்ந்து நகர வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் பிடிபட வேண்டும். பல குழந்தைகளுக்கு அது 4 வயதை ஒட்டித்தான் வருகிறது.

ஐந்து பொத்தான்களை எண்ணச் சொல்லுங்கள். முடித்ததும் 'மொத்தம் எத்தனை?' என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், அந்த இடத்தில்தான் நிற்கிறாள். அப்படியானால் ஆறு கரண்டி இப்போதைக்கு அதிகம். இரண்டு, மூன்று என்று கேளுங்கள். சாப்பிட உட்காரும்போது ஆளுக்கொரு தட்டு வைக்கும் பொறுப்பையும் அவளிடமே விடுங்கள். கணக்கு தப்பினால் நீங்கள் திருத்த வேண்டியதில்லை, தட்டு கிடைக்காதவரே குரல் கொடுப்பார்!

பொத்தான்களைத் தள்ளித் தள்ளிப் பரப்பினால், 'இப்போ நிறைய இருக்கு' என்பாள். இந்த வயதில் அது சகஜம் என்று உளவியலாளர் ழான் பியாஜே எப்போதோ காட்டிவிட்டார். விட்டுவிடுங்கள்.

அப்புறம், பகடை விளையாட்டு. ஒரு அட்டையில் 1 முதல் 10 வரை ஒரே வரிசையாகக் கட்டம் போட்டு எண்களை எழுதுங்கள். காய் 5-இல் நிற்கிறது, பகடையில் 2 விழுகிறது. நாம் எல்லோரும் 'ஒன்று, இரண்டு' என்று சொல்லித்தான் நகர்த்துவோம். அதற்குப் பதிலாக, கட்டத்தில் உள்ள எண்ணையே 'ஆறு, ஏழு' என்று சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். எந்த எண்ணுக்கு அடுத்து எது, எது பெரியது என்பதெல்லாம் இதில் தானாகப் படியும். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எண் கட்டங்களில் விளையாடிய மழலையர் முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் வண்ணக் கட்டங்களில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை.

தினமும் கால் மணி நேரம் போதும், அதுவும் அவளுக்குப் பிடிக்கும்வரைதான். ஒர்க் ஷீட்டா? பென்சிலே சரியாகப் பிடிக்க வராத வயதில் அது எதற்கு? இப்போது வாங்காதீர்கள்.