மனித உடம்பில ஏறுற அதிர்வை ரேப்பில பதிஞ்சுபோட்டு பிறகு அனலைஸ் பண்ணலாமா? சாதாரண ரெக்கோடர் காணுமா?

கேள்வி கேட்ட தம்பி உழவு மெசின் ஓடுறவையின்ர நாரிநோவு பற்றி புரொஜெக்ட் செய்யிறாராம், லாப் அலுமாரிக்க பழைய ரேப் ரெக்கோடர் ஒண்டு கிடக்காம், வயலுக்க அதில பதிஞ்சுகொண்டு வந்து ஆறுதலா அனலைஸ் பண்ணலாமோ எண்டு கேக்கிறார். ஓம், பண்ணலாம். ஆனா அது என்ன சாதி ரெக்கோடர் எண்டதிலதான் எல்லாம் கிடக்கு. நான் உதில ஒருக்கா நல்லா ஏமாந்தனான், அதாலதான் எழுதுறன்.

மாமா முரசுமோட்டைப் பக்கம் மசிபேர்குசன் ஓடுறவர். நான் வெளியில மெசர்மெண்ட் வேலை செய்துகொண்டிருந்த காலம், பெரும்போக உழவு நேரம் லீவில வந்தனான், சீற்றில வைக்கிற அக்சலரோமீற்றர் (அதிர்வை அளக்கிற சாமான், வட்டமா றப்பர் தட்டு மாதிரி, அதுக்கு மேல ஆள் இருக்கும்) கையோட கொண்டுவந்திருந்தன், பதியிறதுக்கு பாட்டுக்காரர் பாவிக்கிற சின்ன டாற் (டிஜிட்டல் ரேப்) மெசின். 16 பிற், 48 கிலோஹேட்ஸ், இதுக்கு மேல என்ன வேணும் எண்டு நினைச்சன். விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும் பதிஞ்சாச்சு. வீட்ட வந்து பாத்தா 40 ஹேட்ஸில (செக்கனுக்கு 40 ஆட்டம்) வடிவா ஒரு கோடு நிக்குது, மூண்டு சிலிண்டர், நிமிசத்துக்கு 1600 சுத்து, ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒருக்கா வெடிக்கும், கணக்குச் சரி. ஆனா வரம்பு ஏறி இறங்கேக்க மாமா சீற்றை விட்டு எழும்பி விழுந்ததை நான் என்ர கண்ணால பாத்தனான், ரேப்பில அது இல்லவே இல்லை. மனிசன்ர நாரியை முறிக்கிற சாமான் மட்டும் பதியேல்லை.

ஏனெண்டா பாட்டு மெசினுக்கு மனிசன்ர காதுதான் அளவு. 20 ஹேட்ஸுக்குக் கீழ ஆருக்கும் கேக்காதுதானே எண்டு உள்ள வாற வழியிலயே வெட்டிப்போடுவான். இருந்துகொண்டு ஓடுற ஆளுக்கு மேலகீழ் ஆட்டம் 4 இலயிருந்து 8 ஹேட்ஸ் வரைதான் ஆகக் கூடத் தாக்கும், முன்பின், பக்கவாட்டு ஆட்டமெண்டா அதுக்கும் கீழ, 2 ஹேட்ஸுக்குள்ள. ஐஎஸ்ஓ 2631 (முழு உடம்பில ஏறுற அதிர்வை அளக்கிற சர்வதேச நியமம்) கேக்கிறது 0.5 தொடக்கம் 80 ஹேட்ஸ் மட்டும். அப்ப எங்களுக்குத் தேவையானதில பெரிய பங்கு பாட்டு மெசின் குப்பையில போடுற பங்கு. லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) கைபிடி எண்டா கொஞ்சம் பரவாயில்லை, கைக்கு 8 தொடக்கம் 1000 ஹேட்ஸ் வரைதான் பாக்கிறது, ஆனா ஒத்தைச் சிலிண்டர் 2000 சுத்தில ஓடினா வெடி விழுறது 17 ஹேட்ஸுக்குக் கிட்ட, அதுவும் வெட்டுப்படுற இடம்தான்.

பழைய காசற், ஸ்பூல் மெசினிலயும் இதே கதை, காரணம் வேற. ரேப்பில இருக்கிற காந்தம் எவ்வளவு வேகமா மாறுதோ அவ்வளவுதான் ஹெட்டில வோல்ற் வரும், அலை மெதுவாக மெதுவாக சிக்னல் செத்துக்கொண்டு போகும். அதுக்குத்தான் இன்ஸ்ருமெண்டேசன் ரெக்கோடர்காரர் (அளவெடுக்கிறதுக்கெண்டே ரெக்கோடர் செய்யிறவை) எஃப்எம் முறையைப் பிடிச்சவை. ரேடியோவில போலதான், ஒரு கரியர் அலையை அதிர்வு மேலயும் கீழயும் இழுக்கும், அந்த இழுவையைத்தான் ரேப் வச்சிருக்கும், அசையாமல் நிக்கிற சிக்னல்கூட அப்பிடியே பதியும். பேந்து வந்த இன்ஸ்ருமெண்டேசன் டாற்றும் பூச்சியம் ஹேட்ஸில இருந்து எடுக்கும்.

எஃப்எம்மில ஒரு வில்லங்கம் இருக்கு. சண்டைக்காலத்தில வன்னியில கரண்ட் இல்லாமல் சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோவில பாட்டுக் கேட்ட ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும், நானும் தங்கச்சியும் மாறிமாறிப் பெடல் சுத்துவம், அவள் களைச்சாளெண்டா பாட்டுக்காரன் அழத் தொடங்குவான். அந்த இழுபடல் எஃப்எம் ரேப்பில வந்தா அது சத்தமா வராது, அதிர்வா வரும். கரியர் 40 வீதம் மேல கீழ போற மெசினெண்டா ரேப் வேகத்தில 1 வீதப் பிழை முழு அளவில 2.5 வீதப் பொய் அதிர்வு. அதால ரெக்கோடரை மெசினுக்கு மேல கட்டிக்கொண்டு ஓடாதேங்கோ, குலுங்கினா ரேப்பும் குலுங்கும். ஏலுமெண்டா நீட்டு வயர் போட்டு வரம்பில வையுங்கோ, ஏலாதெண்டா மடியில தலையணை வச்சு ஒராள் பிடிச்சுக்கொண்டிருக்கட்டும், சிரிப்பினம்தான், பரவாயில்லை.

கெயின் (சிக்னலை எவ்வளவு பெருப்பிச்சுப் பதியிறது எண்ட அளவு) வைக்கிறதும் பெரிய தலையிடி. எஃப்எம் ரேப்பில ஆகச் சின்ன சிக்னலுக்கும் ஆகப் பெரியதுக்கும் நடுவில கிடைக்கிற இடைவெளி 40, 50 டெசிபல்தான். நிலம் மட்டமான இடத்தில பாத்து செற் பண்ணினா வரம்பில அடிபட்டு உச்சி வெட்டுப்படும், வெட்டுப்பட்டதை பிறகு ஒருத்தராலயும் ஒட்டேலாது. முதல் ஒருக்கா சும்மா ஓடவிட்டு, ஆகப் பொல்லாத வரம்பில வாற அடிக்கு மேல இன்னும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கோ. ஓட்டோ லெவல் எண்டு ஒண்டிருந்தா உடன நிப்பாட்டுங்கோ, அது அடியைக் குறைச்சு அமைதியைக் கூட்டி எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிப்போடும்.

கலிபிரேசன் (ஒப்பிட்டுப் பாக்க தெரிஞ்ச அளவு ஒண்டைப் பதியிறது) இல்லாத ரேப் வெறும் ரேப். கையில பிடிக்கிற கலிபிரேற்றர் 159.2 ஹேட்ஸில 10 மீற்றர்/செக்கன்² குடுக்கும், அதை தொடக்கத்தில ஒரு நிமிசம், முடிவில ஒரு நிமிசம் பதியுங்கோ. நடுவில கெயினைத் தொட்டா தொட்டதை வாயால சொல்லுங்கோ. ஒரு சனலை கதைக்கிறதுக்கெண்டே விடுங்கோ, "இப்ப வரம்பு ஏறுது", "மாமா இறங்கி வெத்திலை போடப் போட்டார்" எண்டு. இல்லாட்டி அவர் இறங்கேக்க தட்டில விழுற அடியை ஏதோ பெரிய அதிர்வெண்டு கணக்கில சேப்பியள், எனக்கு நடந்தது.

அதிர்வு மீற்றர் நேரடியா இலக்கம் தருதுதானே, ஏன் இந்தக் கரைச்சல் எண்டும் கேட்டிருந்தீங்கள். மீற்றர் ஒரு இலக்கத்தைத் தந்திட்டுப் போயிடும். ஐஎஸ்ஓ 2631 முந்தி 1 ஹேட்ஸில இருந்துதான் பாத்தது, 1997 இல வெயிட்டிங்கையே (எந்த ஹேட்ஸுக்கு எவ்வளவு மதிப்பு எண்ட கணக்கை) மாத்தி 0.5 இல இருந்து எண்டு ஆக்கினவை. வெயிட்டிங் போடாமல் பச்சையா ரேப் வச்சிருந்தவை திரும்ப ஓடவிட்டு புதுக்கணக்கு எடுக்கலாம், இலக்கத்தை மட்டும் கொப்பியில எழுதினவைக்கு அந்த வழி இல்லை. உங்கட வேலைக்கும் அதே பிரச்சினை வரும், வரம்பு அடியால உச்சி ஆர்எம்எஸ்ஸை (வர்க்கிச்சு சராசரி எடுத்து மூலம் காணுற அளவு) விட 9 மடங்குக்கு மேல போனா சாதாரண ஆர்எம்எஸ் காணாது, நாலாம் அடுக்குக் கணக்கும் பாக்கவேணும், அதுக்கு முழு அலையும் கையில வேணும்.

அந்த அலுமாரி ரெக்கோடரை வயலுக்குத் தூக்க முதல் சிக்னல் ஜெனரேற்றரில 2 ஹேட்ஸ் குடுத்து அஞ்சு நிமிசம் பதிஞ்சு திரும்ப ஓடவிட்டுப் பாருங்கோ. குடுத்த உயரம் அப்பிடியே வந்தா சரி, பாதிதான் வந்தா அலுமாரிக்கயே விடுங்கோ. மொடல் நம்பரையும் ஒருக்கா எழுதுங்கோ பாப்பம்.