கம்ப்யூட்டர் யூபிஎஸ் இரண்டே வருடத்தில் போய்விட்டது, இனி எதை வாங்குவது?

பெரும்பாலும் உங்கள் யூபிஎஸ் போயிருக்காது, உள்ளே இருக்கும் பேட்டரிதான் போயிருக்கும். புதிதாக வாங்கும் முன் அதைக் கடையில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். பேட்டரியை மட்டும் மாற்றினால் பழைய பெட்டியே இன்னும் சில வருடம் உழைக்கும்.

2012 மின்வெட்டுக் காலத்தில் நான் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த மணி நேரம் இருக்காது. புதிதாகப் போட்ட பேட்டரி ஒரு வருடம்கூட நிற்கவில்லை. மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அது தவறு. யூபிஎஸ்ஸில் இருப்பது லெட் ஆசிட், அதாவது ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரி. முழுதாக வடிந்தால் அது மறுபடி நிரம்ப ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அரைகுறையாக ஏறியதையே திரும்பத் திரும்ப வடித்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு என்ன செய்தாலும் பழைய சார்ஜ் நிற்காது. அதனால் கரண்ட் போனதும் சேவ் செய்துவிட்டு அணைத்துவிடுங்கள், பீப் சத்தம் வேகமாகும்வரை ஓட்டாதீர்கள்.

அப்புறம், யூபிஎஸ் பெட்டியில் போட்டிருக்கும் 600 விஏ (வோல்ட் ஆம்பியர்) என்றால் 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட்தான். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட் அவர் வரும். ஆனால் வேகமாக இழுக்கும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. 150 வாட் இழுக்கும் கம்ப்யூட்டருக்குக் கால் மணி நேரம், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்வரை. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 1000 விஏ-க்குக் குறையாமல் பாருங்கள். மணிக்கணக்கில் வேலை ஓட வேண்டுமென்றால் டியூபுலர் பேட்டரியோடு வீட்டு இன்வெர்டர்தான் சரி. அதில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம்.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது, சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் கரண்ட்டை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது. வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருடம் வந்தாலே நல்ல உழைப்பு.

சோதனைக்காக மட்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை, வேலையெல்லாம் சேவ் செய்தபின், சுவரில் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். முன்பு நின்றதில் பாதிக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பேட்டரி உப்பியிருந்தால் அன்றே கழற்றிவிடுங்கள். பழையதைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழித்துத் தருவார்கள்.