உளவியல், கம்யூனிட்டி காலேஜ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் கலிஃபோர்னியாவில் குபர்டினோவில் இருக்கிறோம். மகள் வரும் செப்டம்பரில் டி ஆன்சா கல்லூரியில் சேர்கிறாள். இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி அது, இங்கே கம்யூனிட்டி காலேஜ் என்பார்கள். இரண்டு ஆண்டு அங்கே படித்துவிட்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறி உளவியல் பட்டம் வாங்குவது அவள் திட்டம். 'போயும் போயும் கம்யூனிட்டி காலேஜா?' என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இது சரியான வழிதானா? முதல் ஆண்டில் எதை எடுக்கவேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

நல்ல வழி. கட்டணம் பல மடங்கு குறைவு, பட்டமோ பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வரும். உறவினர்களின் பேச்சை விட்டுவிடுங்கள். கவலைப்பட வேண்டியது பாடங்களின் வரிசையைப் பற்றித்தான்.

அறிமுக உளவியல், புள்ளியியல், ஆய்வுமுறை மூன்றும் ஒரு சங்கிலி. முதல் இரண்டையும் முடிக்காமல் ஆய்வுமுறை வகுப்பில் சேர முடியாது. கணக்குக்குப் பயந்து புள்ளியியலை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மனதைப் படிக்கக் கணக்கு எதற்கு என்று மகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: இருபது சொற்களை ஒரு குழு பாட்டுக் கேட்டபடியும், இன்னொரு குழு அமைதியிலும் மனப்பாடம் செய்கிறது. முதல் குழுவுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு சொல் நினைவிருக்கிறது, அடுத்ததற்குப் பதினான்கு. அந்த இரண்டு சொல் வித்தியாசம் பாட்டினால் வந்ததா, தற்செயலா? புள்ளியியல் இல்லாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. அந்தக் கல்லூரியில் கல்வியாண்டு மூன்று பருவம்: இலையுதிர் பருவத்தில் அறிமுகம், குளிர்காலத்தில் புள்ளியியல், வசந்தத்தில் ஆய்வுமுறை என்று எடுக்கட்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் பல ஊர்களில் வளாகங்கள் உண்டு. அசிஸ்ட் என்ற அரசு இணையதளத்தில் கல்லூரியையும் பல்கலைக்கழக வளாகத்தையும் தேர்ந்தெடுத்தால், இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடமும் வலப்பக்கம் அதற்கு ஈடான கல்லூரிப் பாடமும் வரும். வலப்பக்கத்தில் இரண்டு பாடங்களுக்கு நடுவே 'ஆண்ட்' (and) என்றிருந்தால் இரண்டையும் முடிக்கவேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் ஈடாகாது. உயிரியல், வேதியியல், கால்குலஸ் போன்றவற்றில் ஒவ்வொரு வளாகமும் ஒவ்வொன்று கேட்கும். ஆகவே மூன்று நான்கு வளாகங்களையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று முன்பே ஒப்பந்தம் தருகின்றன. அதை 'டேக்' என்பார்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம், அதுவும் இரண்டாம் ஆண்டின் செப்டம்பர் 1 முதல் 30 வரைதான். அதற்கு முந்தைய கோடை முடிவதற்குள் 45 குவார்ட்டர் யூனிட் (பருவ முறைக் கல்லூரிகளில் பாடங்களுக்குத் தரும் அலகு) கையில் இருக்கவேண்டும். பருவத்துக்கு 15 வீதம் மூன்று பருவத்தில் சரியாக 45 வரும். இடையில் ஒரு வகுப்பை விட்டால் கோடையில் ஈடுகட்டியாக வேண்டும். கேட்கும் மதிப்பெண் சராசரி ஒவ்வொரு வளாகத்துக்கும் வேறு.

டேக் கிடைத்தாலும் பல்கலைக்கழகத்துக்கான பொது விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பருக்குள் தனியாகப் போடவேண்டும். ஜனவரியில் இலையுதிர்ப் பருவ மதிப்பெண்களை ஏற்றிப் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பம் போட்டாயிற்றே என்று இந்தக் கடைசி வேலையை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. கல்லூரி தொடங்கிய முதல் மாதத்திலேயே டிரான்ஸ்ஃபர் கவுன்சிலரிடம் (பல்கலைக்கழகத்துக்கு மாற வழிகாட்டும் கல்லூரி ஆலோசகர்) நேரம் வாங்கி, ஆறு பருவத்துக்குமான பாடத்திட்டத்தை எழுதி வாங்கிவிடச் சொல்லுங்கள்.